போர்க்கால ஜெர்மானிய எனாமல் பேட்ஜ்கள்: பழைய பொருள் சந்தையில் அசலை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்க்கால ஜெர்மானிய எனாமல் பேட்ஜ் என்று எதைச் சொல்கிறோம்?

எனாமல் என்பது உலோகத்தின் மேல் சூட்டில் உருக்கி ஒட்டிய வண்ணக் கண்ணாடிப் பூச்சு. பெயர் போரைக் குறித்தாலும், சந்தைகளில் அகப்படும் எனாமல் பேட்ஜ்களில் பெரும்பகுதி போர்க்களத்தோடு தொடர்பில்லாதவை. காயம்பட்டோருக்கான பேட்ஜ், காலாட்படைத் தாக்குதல் பேட்ஜ், இரும்புச் சிலுவை ஆகிய படைத்துறைச் சின்னங்களில் எனாமல் கிடையாது. எனாமல் பூசப்பட்டவை பெரும்பாலும் உறுப்பினர் சின்னங்கள். நாஜிக் கட்சியின் வட்டமான உறுப்பினர் பேட்ஜ், ஹிட்லர் இளைஞர் அமைப்பின் சாய்சதுர பேட்ஜ், ஜெர்மன் உழைப்பாளர் முன்னணியின் பற்சக்கரச் சின்னம், வான்தாக்குதல் பாதுகாப்புச் சங்கம், செஞ்சிலுவைச் சங்கம், மகளிர் அமைப்பு முதலியவற்றின் சிறு ஊசிச் சின்னங்கள் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றோடு, பல குழந்தைகளைப் பெற்ற தாய்மார்களுக்கு வழங்கப்பட்ட நீல எனாமல் சிலுவையும் சேரும். விதிவிலக்காக, 1941 செப்டம்பர் 28 அன்று ஏற்படுத்தப்பட்ட ஜெர்மன் சிலுவை என்னும் படைத்துறைப் பதக்கத்தின் நடுவில் கருப்பு எனாமல் உண்டு. அது விலை உயர்ந்த பொருள் என்பதால், சந்தைக் கடையின் தகரப் பெட்டிக்குள் அகப்படும் வாய்ப்பு மிகக் குறைவு.

எண்பது ஆண்டுகள் கழித்தும் இவை ஏன் இவ்வளவு கிடைக்கின்றன?

செய்யப்பட்ட எண்ணிக்கை அவ்வளவு பெரியது. போர் முடிந்தபோது நாஜிக் கட்சியில் ஏறத்தாழ 85 லட்சம் பேர் உறுப்பினர்களாக இருந்தனர். ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சேர்வது 1939 மார்ச்சில் கட்டாயமாக்கப்பட்டது. ஒருவரே இரண்டு மூன்று பேட்ஜ்களை வாங்கி வேறு வேறு மேல்சட்டைகளில் குத்தி வைத்திருந்ததும் உண்டு. 1945 அக்டோபர் 10 அன்று நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு தன் இரண்டாம் சட்டத்தின் மூலம் கட்சியைக் கலைத்தபோது, பலர் பேட்ஜைத் தோட்டத்தில் புதைத்தார்கள் அல்லது ஆற்றில் எறிந்தார்கள். மீதமிருந்தவற்றை அமெரிக்க, பிரிட்டிஷ் படைவீரர்கள் நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றார்கள். அதனால்தான் அசல் பொருள்கள் ஜெர்மனியில் மட்டுமன்றி இங்கிலாந்து, அமெரிக்கச் சந்தைகளிலும் கிடைக்கின்றன. தேவை இருக்கும் இடத்தில் போலி வருவதும் இயல்பே. பிரதிகள் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே வரத் தொடங்கி இன்றுவரை வந்துகொண்டிருக்கின்றன.

ஒரு பேட்ஜை எடுத்தவுடன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவர் சொல்லும் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் பேட்ஜோடு சேர்த்து எடை போடாதீர்கள். தாத்தாவின் பெட்டியில் இருந்தது, இறந்துபோன அதிகாரியின் வீட்டில் எடுத்தது என்று கதைகள் எல்லாப் பேட்ஜுக்கும் உண்டு. கதையைச் சோதிக்க வழியில்லை. பேட்ஜ் செய்யப்பட்ட விதத்தைச் சோதிக்க வழி உண்டு, அதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் நகை வேலைக்காரர் லென்ஸ் ஒன்றும் நல்ல வெளிச்சமும் போதும். எனாமல் உண்மையில் கண்ணாடியா, அடியிலுள்ள உலோகம் அச்சில் அடிக்கப்பட்டதா அல்லது வார்க்கப்பட்டதா, பின்பக்க முத்திரை அந்தப் பேட்ஜுக்கும் காலத்துக்கும் பொருந்துகிறதா என்னும் மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். போலி செய்பவர்கள் முதலில் கவனம் செலுத்துவது முத்திரையில்தான் என்பதால் அதைக் கடைசிக்கு வைப்பதே நல்லது.

எனாமல் அசல் கண்ணாடிதானா என்று எப்படி அறிவது?

அக்காலத்தில் இவை செய்யப்பட்ட முறையைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வி பாதி தீர்ந்துவிடும். எஃகு அச்சில் செதுக்கிய உருவத்தை உலோகத் தகட்டின் மேல் அழுத்தி அடிப்பார்கள். கோடுகள் மேடாகவும் நிறம் வர வேண்டிய இடங்கள் பள்ளமாகவும் அமையும். அரைத்த வண்ணக் கண்ணாடித் தூளைத் தண்ணீரில் குழைத்து அந்தப் பள்ளங்களில் நிரப்பி, உலர்த்தி, சுமார் 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலையில் வைப்பார்கள். தூள் உருகிக் கண்ணாடியாகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு முகப்பைக் கல்லில் தேய்த்துச் சமப்படுத்தி, மெருகேற்றி, கடைசியில் பொன் அல்லது வெள்ளி முலாம் பூசுவார்கள்.

தேய்த்துச் சமப்படுத்தியதன் தடயம் இன்றும் தெரியும். பேட்ஜைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், உலோகக் கோடும் கண்ணாடியும் ஒரே தளமாக, ஒரே நேரத்தில் பளிச்சிடும். எபாக்சி என்னும் செயற்கைப் பிசினால் செய்த நவீன பிரதியில் நிறம் கோட்டுக்கு மேல் மொட்டுப் போல உப்பியிருக்கும், அல்லது உலர்ந்து சுருங்கிப் பள்ளத்தின் நடுவில் குழிந்திருக்கும். வெளிச்சம் அதன் மேல் வளைந்து ஓடும்.

லென்ஸின் கீழே இன்னும் தெளிவாகத் தெரியும். ஹிட்லர் இளைஞர் பேட்ஜ் ஒன்றை நான் நெடுநேரம் பார்த்த அனுபவத்தைச் சொல்கிறேன். அதன் சிவப்புக் கட்டத்தில் ஊசிமுனை அளவுக்குச் சில குழிகள் இருந்தன. உலைச் சூட்டில் கண்ணாடிக்குள் எழுந்த காற்றுக் குமிழிகளைக் கல்லில் தேய்த்தபோது அவை திறந்துகொண்டதால் உண்டானவை அந்தக் குழிகள். வெள்ளைக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து போயிருந்தது. உடைந்த இடம் கிளிஞ்சலின் உட்புறம் போல வளைவு வளைவாக, கூரான விளிம்போடு இருந்தது. கண்ணாடி அப்படித்தான் உடையும். பிசின் அப்படி உடைவதில்லை. அது நசுங்கும், கீறல் விழும், அல்லது தோல் போல உரியும். சேதமடைந்த பேட்ஜை ஒதுக்கிவிட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஒரு சிறு உடைப்பு, முழுமையான முகப்பைவிட அதிகமாகப் பேசும்.

நகத்தின் பின்புறத்தால் மெதுவாகத் தட்டினால் கண்ணாடி கணீரென்றும் பிசின் மந்தமாகவும் ஒலிக்கும். புற ஊதா விளக்கின் கீழ் நவீன பிசின்களும் வண்ணப் பூச்சுகளும் பெரும்பாலும் ஒளிரும். பழைய கண்ணாடி எனாமல் பெரும்பாலும் அவ்வாறு ஒளிர்வதில்லை. ஆனால் பழைய பேட்ஜில் பின்னாளில் பூசிய பசையோ மெழுகோ ஒளிரக்கூடும் என்பதால், விளக்கை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கத்தை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். போலியைக் கண்டுபிடிக்கும் அதே ஊசி அசலையும் கெடுத்துவிடும்.

போர்க் காலத்தில் துத்தநாகத்தில் செய்யப்பட்டவையும் உண்டு என்கிறார்களே, அவற்றிலும் எனாமல் இருக்குமா?

இருக்காது. நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க மிக எளிய சோதனை இதுதான். துத்தநாகம் சுமார் 419 டிகிரியிலேயே உருகிவிடும். கண்ணாடி எனாமல் உருகுவதற்கு அதைவிட முந்நூறு டிகிரிக்கும் மேல் தேவைப்படும். எனவே துத்தநாகத்தில் செய்த பேட்ஜின் மேல் அக்காலத்து எனாமலைச் சுட்டு ஒட்டியிருக்கவே முடியாது. போர் நீண்டு தாமிரம் தட்டுப்பாடாகியபோது செய்யப்பட்ட துத்தநாகப் பேட்ஜ்களில் இருப்பது வண்ணப் பூச்சுதான். அதுவும் அசலே, எனாமலாகாது என்பது மட்டுமே வேறுபாடு. வெளிறிய சாம்பல் நிறத் துத்தநாகத்தின் மேல் கெட்டியான, பளபளப்பான எனாமல் இருக்கிறது என்று ஒருவர் விற்றால், அந்தப் பேட்ஜ் பிசின் வந்த பிறகு பிறந்தது என்று கொள்ளலாம்.

எனாமல் பேட்ஜ்களுக்கு அவர்கள் விரும்பிப் பயன்படுத்திய உலோகம் டாம்பாக். தாமிரம் மிகுதியாகவும் துத்தநாகம் குறைவாகவும் கலந்த பித்தளை வகை அது. முலாம் தேய்ந்த இடங்களில் சிவப்பு கலந்த மஞ்சளாகத் தெரியும். காந்தம் அதை இழுக்காது. பின்பக்க ஊசி எஃகில் செய்யப்பட்டிருந்தால் காந்தம் அதை மட்டும் இழுக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

வார்ப்பில் செய்த பிரதியை எப்படிக் கண்டுகொள்வது?

அசல் பேட்ஜின் மேல் மெழுகோ ரப்பரோ வைத்து அச்செடுத்து, அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவதே மலிவான வழி. ஆறும்போது உலோகம் சுருங்குவதால், பிரதி அசலைவிடச் சற்றுச் சிறிதாகிவிடும். வெர்னியர் காலிப்பரால் அளந்து, உறுதியான அசலோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். பின்பக்கத்தில் அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் இருக்கும். பேட்ஜின் ஓரத்தைச் சுற்றி அரத்தால் தேய்த்த கீறல்களோ மெல்லிய தையல் போன்ற மேடோ இருந்தால், இரண்டு அச்சுப் பாதிகளுக்கு இடையில் கசிந்த உலோகத்தை அகற்றிய தடம் அது. அச்சில் அடித்த அசலின் பின்பக்கம் அமைதியாக, சமமாக இருக்கும். அதன் ஓரம் நேராக வெட்டப்பட்டிருக்கும்.

பின்பக்கத்தில் உள்ள ஆர்.இசட்.எம். என்ற முத்திரைக்கு என்ன பொருள்?

அது நாஜிக் கட்சியின் பொருள் கட்டுப்பாட்டு அலுவலகமான ராய்ஷ்சொய்க்மைஸ்டராய் என்பதன் சுருக்கம். 1929-இல் மியூனிக்கில் தொடங்கப்பட்ட அந்த அலுவலகம், கட்சிச் சீருடை, இடுப்புப்பட்டை, கத்தி, பேட்ஜ் ஆகியவற்றை யார் செய்யலாம் என்று உரிமம் வழங்கி, தரத்தையும் கண்காணித்தது. மூன்று எழுத்துகளும் பின்னிய வட்ட முத்திரையும், அதனருகே ஓர் எண்ணும் பேட்ஜின் பின்பக்கத்தில் இருக்கும். எண்ணின் முன்னால் வரும் எம்1 என்பது பேட்ஜ் வகையைக் குறிக்கும். இடுப்புப்பட்டைக் கொக்கிக்கு எம்4, கத்திக்கு எம்7. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது தயாரிப்பாளரின் எண். எடுத்துக்காட்டாக, எம்1/120 என்பது லூடன்ஷைடு நகரின் வில்ஹெல்ம் டாய்மர் நிறுவனத்துக்கு உரியது. எனாமல் பேட்ஜின் பின்னால் எம்7 என்று கண்டால், போலி செய்தவர் முறையறியாமல் முத்திரையிட்டார் என்று பொருள்.

இந்த எண் முறை 1930-களின் நடுவில்தான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய பேட்ஜ்களில் தயாரிப்பாளரின் பெயரும், கெஸ். கெஷ். என்ற சுருக்கமும் இருக்கும். சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்பது அதன் பொருள். வடிவத்தின் பதிவு உரிமையை அது காட்டுகிறதேயன்றிக் காலத்தையோ அசல் தன்மையையோ காட்டாது. புதியவர்கள் பலர் அந்தச் சுருக்கத்தைக் கண்டவுடன் நம்பிவிடுகிறார்கள். அதைப் பிரதியின் மேல் அடிப்பதற்கு எந்தச் சிரமமும் இல்லை.

1941-இல் தொடங்கிய பதக்கத் தயாரிப்பாளர் கூட்டமைப்பு எல் என்ற எழுத்தோடு எண் வழங்கியது. அது அரசும் படையும் வழங்கிய பதக்கங்களுக்கானது. கட்சி உறுப்பினர் பேட்ஜில் அந்த எண் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கட்சியின் பொன் பேட்ஜ் என்று சொல்லி ஒன்றை விற்கிறார்கள். நம்பலாமா?

சாதாரண உறுப்பினர் பேட்ஜைச் சுற்றிப் பொன்னிற ஓக் இலை வளையம் அமைந்தது பொன் பேட்ஜ். 1933 அக்டோபர் 13 அன்று ஏற்படுத்தப்பட்டது. 1925-இல் கட்சி மீண்டும் தொடங்கப்பட்ட பிறகு சேர்ந்து இடைவிடாமல் உறுப்பினராக இருந்தவர்களில், உறுப்பினர் எண் ஒரு லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கே அது வழக்கமாக உரியது. பெரியது சுமார் 30 மில்லிமீட்டர், சிறியது சுமார் 24 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பின்பக்கத்தில் உரியவரின் உறுப்பினர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அங்கே 4,12,000 போன்ற எண் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஹிட்லர் தனிப்பட்ட முறையில் கௌரவமாக வழங்கிய சிலவற்றில் எண்ணுக்குப் பதிலாக ஏ.எச். என்ற முதலெழுத்துகளும் தேதியும் இருக்கும். அவையே மிக அதிகமாகப் போலி செய்யப்படுபவை. ஹிட்லர் தம் சொந்தப் பொன் பேட்ஜை 1945 ஏப்ரல் இறுதியில், பெர்லின் பதுங்கறையில் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் மனைவி மக்டா கோயபல்ஸின் உடையில் குத்தினார். அது மக்டா தம் மகனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து தெரிகிறது.

பழைய சாதாரண பேட்ஜின் மேல் புதிய ஓக் வளையத்தை ஒட்டிப் பொன் பேட்ஜாக்குவதும் உண்டு. வளையத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் ஈயப் பற்றோ பசையோ தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள். சந்தைக் கடையில் பொன் பேட்ஜ் அசலாக இருப்பது மிக அரிது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

தாய்மார் சிலுவையில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

சந்தையில் அசலாகக் கிடைக்கும் வாய்ப்பு மிகுதியாக உள்ள எனாமல் பொருள் இதுவே. 1938 டிசம்பர் 16 அன்று ஏற்படுத்தப்பட்டது. நான்கு, ஐந்து குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு வெண்கலம், ஆறு, ஏழு என்றால் வெள்ளி, எட்டும் அதற்கு மேலும் என்றால் பொன் நிறம் என மூன்று நிலைகள். முதல் முறையாக 1939 மே மாதத்தில், அன்னையர் நாளில் பெருந்திரளாக வழங்கப்பட்டது. நீண்ட சிலுவையின் நீல எனாமலைச் சுற்றி வெள்ளை எனாமல் விளிம்பு, நடுவட்டத்தைச் சுற்றி ஜெர்மன் தாய்க்கு என்ற பொருளுடைய எழுத்துகள், கழுத்தில் அணிவதற்கு நீலமும் வெள்ளையுமான ஒடுக்கமான ரிப்பன் ஆகியவை அடையாளங்கள். பின்பக்கத்தில் 16 டிசம்பர் 1938 என்ற தேதியும் ஹிட்லரின் கையெழுத்துப் படியும் இருக்கும். தொடக்கக் காலத்து வகையில் குழந்தையே தாய்க்குப் பெருமை சேர்க்கிறது என்ற பொருள்படும் வாசகம் இருந்தது.

நீலம் ஒளி ஊடுருவும் கண்ணாடி. சாய்த்துப் பார்த்தால் ஆழத்தில் உலோகம் மின்னுவது தெரியும். பிரதிகளில் நீலம் வீட்டுக் கதவுக்கு அடிக்கும் பெயின்ட் போலத் தட்டையாக இருக்கும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையிலான எல்லைக்கோடு அசலில் கூர்மையாக இருக்கும். அசல் சிலுவைகளில் பெரும்பாலும் தயாரிப்பாளர் முத்திரை இருக்காது, அது உறையில்தான் இருக்கும். ஆகவே முத்திரை இல்லாதது குறையன்று.

இதைக் கையில் எடுக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இது தாய்மையைப் போற்றிய பதக்கமன்று. யூதத் தாய்மாருக்கு இது இல்லை. பரம்பரை நோயுள்ளவர் என்று அரசு முத்திரை குத்திய குடும்பங்களுக்கும் இல்லை. யார் தாயாகலாம் என்று அரசு வகுத்த பட்டியலின் உலோக வடிவம் இது. விற்பனை அட்டையில் அழகான பழைய சிலுவை என்று மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

ஸ்வஸ்திகா இருந்தாலே அது நாஜிப் பொருள்தானா?

அல்ல. வாசற்படியிலும் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஸ்வஸ்திகத்தைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஐரோப்பியச் சந்தையில் பலரும் இங்கே தவறுகிறார்கள். 1933-க்கு முன்பு மேற்கு நாடுகளிலும் அது நற்பேற்றின் அடையாளமாகப் பரவலாக இருந்தது. பிரிட்டிஷ் சாரணர் இயக்கத்தின் சில பதக்கங்களில் 1930-களின் நடுப்பகுதி வரை அது இடம்பெற்றது. ஃபின்லாந்து விமானப் படை 1918 முதல் 1945 வரை நீல ஸ்வஸ்திகாவைப் பயன்படுத்தியது. இவற்றின் எனாமல் பேட்ஜ்களை ஜெர்மானியப் பொருளாக விற்கிறார்கள். நாஜிக் கட்சியின் பேட்ஜில் அது கருப்பாக, வெள்ளை வட்டத்துக்குள், 45 டிகிரி சாய்ந்து நிற்கும்.

சின்னம் தேய்த்து அழிக்கப்பட்ட பேட்ஜ் கிடைத்தால்?

1945-இல் சிலர் பேட்ஜைத் தூக்கி எறியாமல் நடுச் சின்னத்தை மட்டும் அரத்தால் தேய்த்து எடுத்தார்கள். மேற்கு ஜெர்மனி 1957 ஜூலை 26 சட்டத்தின் மூலம் போர்ப் பதக்கங்களைச் சின்னம் நீக்கிய புதிய வடிவில் அணிய அனுமதித்தது. அந்தப் புதிய வடிவம் புதிய அச்சில் அடிக்கப்பட்டது. அதில் தேய்த்த தடம் இருக்காது. கட்சிப் பேட்ஜுக்கு அப்படிப்பட்ட அனுமதிக்கப்பட்ட வடிவம் எதுவும் இல்லை.

ஜெர்மனியில் இவற்றை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமா?

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு, தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ உண்டு. கலை, ஆய்வு, கற்பித்தல், வரலாற்றை எடுத்துரைத்தல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. வீட்டில் தனிப்பட்ட முறையில் வைத்திருப்பது குற்றமன்று. சந்தையில் நல்ல வியாபாரிகள் சின்னத்தின் மேல் சிறு காகிதத் துண்டை ஒட்டி வைத்திருப்பது இதனால்தான். அங்கு வாழும் நம்மவர்கள் வாங்கிய பொருளைக் கைப்பேசியில் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி போடுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவில் 1947-ஆம் ஆண்டுத் தடைச் சட்டமும் 1960-ஆம் ஆண்டுச் சின்னங்கள் சட்டமும் உள்ளன. அங்கே இன்னும் எச்சரிக்கை தேவை.

வாங்கிய பிறகு எப்படிப் பாதுகாப்பது?

பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் போய்விடும், பழமையின் சான்றும் போய்விடும். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைத்தால், அதிலிருந்து கசியும் அமிலம் தாமிரத்தில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். அமிலமற்ற காகிதத்தில் சுற்றி வையுங்கள். எனாமல் கீழே விழுந்தால் உடையும், உடைந்ததை வீட்டில் ஒட்ட முயல வேண்டாம்.

பேட்ஜின் எண்ணைக் கொண்டு அதை அணிந்தவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

சாதாரண கட்சிப் பேட்ஜில் அணிந்தவரின் எண் இல்லை, ஆகவே முடியாது. இது என் தாத்தாவின் பேட்ஜ் என்று ஒருவர் சொன்னால், அதைப் பேட்ஜிலிருந்து மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலாது. எண்ணுடைய பொன் பேட்ஜுக்கு மட்டும் வழி உண்டு. நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகளை அரைத்துக் கூழாக்கும்படி 1945 ஏப்ரலில் மியூனிக்கை அடுத்த ஒரு காகித ஆலைக்கு அனுப்பினார்கள். ஆலை உரிமையாளர் அரைக்காமல் வைத்துக்கொண்டார். அமெரிக்கர்கள் அவற்றை மீட்டுப் பெர்லினில் ஆவண மையம் அமைத்துப் பாதுகாத்தார்கள். 1994-இல் அவை ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. எண்ணும் அளவும் பொருந்தும் பொன் பேட்ஜ் கையில் இருந்தால், அந்தக் காப்பகத்துக்கு எழுதி எண்ணுக்கு உரிய பெயரைக் கேட்கலாம். கேட்பதற்கு முன், பொறிக்கப்பட்ட எண்ணின் பள்ளத்துக்குள்ளும் சுற்றியுள்ள பரப்பிலும் ஒரே அளவு தேய்மானம் இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்துவிடுங்கள். பழைய பேட்ஜில் புதிதாக வெட்டிய எண்ணும் காப்பகத்தில் யாரோ ஒருவரின் பெயரைக் காட்டும்.